தையல் ஓடும் இடம்

எதிரே நிற்பவர் சட்டையில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அவளால் பேச்சைத் தொடர முடியாது. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் விரல் நீளத்துக்கு நூல் வெட்டும் கத்தரி தொங்கும். பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, அசையாமல் நிற்கச் சொல்லி, நூலை அடியோடு வெட்டி, அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாள். முதல் முறை என் வீட்டுக்கு வந்தபோதே என் சட்டைக் கையிலிருந்து ஒன்றை எடுத்தாள். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பம்பாய் மாதுங்காவில் பெயர் பெற்ற கடையில் தைத்த சட்டை அது. முடிச்சுப் போடத் தெரியாதவன் தைத்தது என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. அவள் விஷயத்தில் நான் செய்தவை எல்லாம் அப்படித்தான் தொடங்கின.

அவளை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். நேரில் முதல் நாளிலிருந்து 'நீ' என்றுதான் அழைத்தேன். அவள் என்னைக் கடைசிவரை 'நீங்க' என்றாள். இப்போது தாளில் மட்டும் மரியாதை கொடுப்பது இன்னொரு பொய்யாகப் படுகிறது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

தாராவியில் ஒரு சட்டைப் பட்டறையில் மெஷின் ஓட்டினாள். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம்; அவள் பிறந்தது தாராவியில். படித்தது முனிசிபல் ஹிந்திப் பள்ளியில், பத்தாவது வரை. தமிழ் எழுதப் படிக்க வராது. தானே கட்டிய தமிழ்ப் பாட்டுகளை ஒரு கோடு போட்ட நோட்டில் ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அந்த எழுத்தில் மழையும் மலையும் ஒன்றாகவே இருக்கும். நான் சிரித்தேன். பாடும்போது வேறு வேறாகத்தானே இருக்கிறது என்றாள். அதுவும் உண்மைதான்.

செம்பூரில் ஒரு தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் அவளை முதலில் கேட்டேன். பட்டறைப் பெண்கள் நான்கு பேரோடு மேடையேறி இரண்டு பாட்டு பாடினாள். அவளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும், எனக்கு அறுபத்திரண்டு.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் வங்கி, சனி ஞாயிறு மாலைகளில் ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடத்தில் ஜாஸ் பியானோ. இருபத்தெட்டு வருடம் வாசித்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த கோவாக்காரப் பெரியவர் ஒருமுறை, நீ கேட்டதை எல்லாம் நன்றாக வாசிக்கிறாய் என்றார். பாராட்டு என்று நினைத்து வீடு வந்து சேர்ந்தேன். அது பாராட்டில்லை என்று புரிய ஒரு வாரம் ஆனது. இசைத்தட்டில் கேட்ட பெரியவர்களின் வாசிப்பு என் விரல்களில் இருந்தது. என்னுடையது என்று ஒன்று இல்லை. என் பெயர் போட்ட ஒரு ஆல்பம் வந்துவிட்டால் அந்தக் குறை போய்விடும் என்று நம்பினேன். அவள் பாட்டைக் கேட்டதும் முதலில் தோன்றியது அதுதான். நல்ல பாட்டு என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது.

நாம் சேர்ந்து ஒரு ஆல்பம் போடலாம் என்றேன். அவள் உடனே பதில் சொல்கிறவள் இல்லை. கேள்வியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருப்பாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"பாட்ட மாத்திர மாட்டியளே சார்?"

மாற்ற மாட்டேன் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டில் ஒத்திகை. அவள் பாட்டில் ஒரு வரி வரும். பிறகு ஒரு வெற்றிடம். பிறகு அடுத்த வரி. சில வெற்றிடங்கள் சிறியவை, சில சங்கடப்படுத்தும் அளவுக்கு நீளமானவை. ஜாஸ் வாசிக்கிறவனுக்குப் பாடகர் மூச்சு வாங்கும் இடம் என்றால் தனக்கு வந்த இடம். முதல் வெற்றிடத்திலேயே என் விரல்கள் புகுந்தன. அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை, சும்மா நின்றாள். மறுபடி தொடங்கினோம். மறுபடி புகுந்தேன். மறுபடி நிறுத்தினாள்.

"அங்கன ஒண்ணும் வேண்டாம் சார்."

"ஏன்? காலியா இருக்கே?"

"காலியா எங்க இருக்கு? அங்கன நான் தச்சுக்கிட்டுல்லா இருக்கேன்."

பிறகு விளக்கினாள். எல்லாப் பாட்டும் மெஷினில் உட்கார்ந்து கட்டியவை. துணியை நேராக்கி ஊசிக்கடியில் வைக்கும்போது பாடலாம். பெடலை மிதித்ததும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கவனமும் போய்விடும். தையல் முடிந்து கால் எடுத்ததும் அடுத்த வரி. ஆகவே வெற்றிடம் என்பது தையலின் நீளம். அவள் காற்றில் விரலை ஓட்டிக் காட்டினாள். இது சட்டைக் கை, சின்னது. இது பக்கத் தையல், அக்குளிலிருந்து அடிவரை. இது காலர், முனையில் துணியைத் திருப்ப வேண்டும் என்பதால் நடுவில் ஒரு நொடி கூடுதல். வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் இது தெரியும். அவர்களும் அதே நேரத்தில் மிதித்து அதே நேரத்தில் கால் எடுப்பார்கள். பதினோரு மெஷின் ஒன்றாக நின்றதும் எல்லோருமாக அடுத்த வரியைப் பாடுவார்கள்.

அடுத்த வாரம் அவளுக்குத் தெரியாமல் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பக்கத் தையல் ஆறு முறை வந்தது. ஆறு முறையும் ஒரே அளவு. தாளக் கருவி இல்லை, கால் தட்டவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. நாற்பது வருடம் பழகியும் எனக்கு வராதது அது. எங்காவது தவறுகிறாளா என்று பார்க்கவே அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் தவறவில்லை. என் வயதில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தையல்காரியின் மௌனத்தை அளந்துகொண்டிருந்தான் என்பதை இன்று எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

அவளுக்கு என் பொறாமை தெரிந்ததா என்று தெரியாது. என்னைக் கேலி செய்ய அவளுக்குப் பிடிக்கும். பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தும் என் ஹிந்தி எல்லாவற்றையும் ஆணாக்கிவிடும். ஒருநாள் ஆட்டோவில் வீட்டுச் சாவி விழுந்துவிட, டிரைவரிடம் "மேரா சாபி" என்று பதறினேன். அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"மேரி சாபி, சார். சாவி பொம்பள. பியானோதான் ஆம்பள."

டிரைவரும் சிரித்தார். அவள் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் ஒருபோதும் பிசகாது. மராத்தியும் அப்படியே. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

பதிவுக்கு முன்னால் மாதுங்காவில் ஒரு சிறிய அரங்கில் வாசித்தோம். நூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். முதல் பாட்டில் பக்கத் தையல் வந்தது. நான் கையை மடியில் வைத்திருந்தேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றி. அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒலிவாங்கி முன்னால் சும்மா நின்றாள். அரங்கில் ஒருவரும் இருமவில்லை. முன்வரிசையில் வெற்றிலைப் பெட்டி திறந்த ஒருவர் மூடாமல் கையில் பிடித்தபடி இருந்தார். அவர்கள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்ததும் அரங்கம் முழுக்க மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

ஓட்டல் முன்கூடத்தில் என் இருபத்தெட்டு வருட வாசிப்பில் ஒரு கரண்டிச் சத்தம்கூட நின்றதில்லை. அவள் சும்மா நின்றதற்கு இவ்வளவு. வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவலி என்றேன்.

செம்பூரிலேயே ஒரு ஃபிளாட்டின் படுக்கையறையை ஸ்டூடியோ ஆக்கியிருந்த ஒருவரிடம் ஒன்பது பாட்டும் பதிவானது. அவளுக்குப் பட்டறையில் விடுப்புக் கிடைப்பது கஷ்டம். தன் பங்கை இரண்டே நாளில் பாடி முடித்தாள். பிறகு குரலையும் பியானோவையும் சேர்த்துச் சீர்செய்யும் வேலை. அதற்கு நான் மட்டும் போனேன், வேலை நாட்களில், காலையில். முதல் நாள் இரண்டு பாட்டின் வெற்றிடங்களில் வாசித்துச் சேர்த்தேன். இருக்கட்டும், கேட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஸ்டூடியோக்காரர் நேர்மையானவர். மேடத்துக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

மறுநாள் ஒரு வரியைத் திரும்பப் பாட அவளை வரவழைத்திருந்தோம். கூட ஒரு பட்டறைப் பெண்ணும் வந்திருந்தாள். டீ இடைவேளையில் இருவரும் வெளியே மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவருகே வந்தபோது அவள் சொன்னது காதில் விழுந்தது.

"சார் ஒரு கோட்டில்லா."

"பாத்தாலே தெரியுதேக்கா" என்றாள் மற்றவள். இருவரும் சிரித்தார்கள்.

மராத்தியில் 'கோட்டி' என்றால் போலி, பொய் என்று பொருள். மூச்சை அழுத்திச் சொல்ல வேண்டிய 'க' அது. தமிழ் வாயில் அந்த மூச்சு வராது, எனவே இப்படித்தான் ஒலிக்கும் என்று அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. கோவாக்காரப் பெரியவர் சுற்றி வளைத்துச் சொன்னதை இவள் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் வந்து, என் முழங்கைப் பக்கம் தொங்கிய ஒரு நூலை வெட்டினாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த நான்கு நாட்களில் மீதி ஏழு பாட்டிலும் ஒரு தையல் விடாமல் நிரப்பினேன். சட்டைக் கைகளில் சின்ன ஓட்டங்கள். பக்கத் தையலில் எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும். காலரில் அவள் துணி திருப்பும் அந்த நொடியைக்கூட விடவில்லை.

ஆல்பம் இணையத்தில் வந்தது. ஓரிரு ஆங்கில இணையதளங்களில் நல்லபடியாக எழுதினார்கள். என் வாசிப்பைத் தனியாகப் பாராட்டினார்கள். அதை அச்செடுத்து வைத்தேன். என் மனைவி சமையலறையில் வேலை செய்துகொண்டே முழுவதையும் கேட்டாள். முடிந்ததும், "அவ பாடறா, நடுவுல நடுவுல நீங்க பேசிண்டே இருக்காப்ல இருக்கு" என்றாள். உனக்கு ஜாஸ் தெரியாது என்றேன்.

அவள் அடுத்த ஞாயிறு கேட்க வந்தாள். நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். முதல் வரி முடிந்தது. அவளுடைய வலது கால், செருப்பில்லாத கால், தரையை மெல்ல அழுத்தியது. அவள் அறிந்து செய்ததில்லை. பெடல் இருப்பதாகக் கால் நினைத்துக்கொண்டது. அதே கணம் என் பியானோ வந்தது. கால் தரையிலிருந்து எழும்பியது. மீதி எட்டுப் பாட்டிலும் அது தரையைத் தொட்டும் தொடாமலும் அப்படியே இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலை மட்டும் பார்த்தேன்.

முடிந்ததும் வழக்கம்போலச் சும்மா இருந்தாள். இம்முறை நீண்ட நேரம்.

"நல்லா வாசிச்சிருக்கிய சார்."

அவ்வளவுதான். மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிட்டேன். பட்டறையில் விடுப்புக் கிடைக்காது என்றாள். பிறகு அவள் இருந்த சந்து இடிபட்டது, தேவ்நார் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தொலைபேசி எண்ணும் மாறியது. நான் தேடவில்லை. என்னைப் போலி என்றவளை நான் ஏன் தேட வேண்டும்?

பன்னிரண்டு வருடம் அப்படியே போனது.

போன வருடம் எங்கள் கட்டடத்துக்கு ஒரு புதிய காவலாளி வந்தார். திருநெல்வேலிக்காரர். ஒருநாள் லிஃப்ட் அருகே தன் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், அவன் ஒரு கிரிக்கெட் கோட்டி என்றார். பொய் சொல்கிறவனா என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை.

"பொய்யா? எங்க ஊர்ல கோட்டின்னா கிறுக்கு சார். கோட்டி புடிச்சவன்னு சொல்லுவோம்லா. பேட்டத் தூக்கிட்டாம்னா சோறு தண்ணி கெடையாது அவனுக்கு."

லிஃப்ட் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. மூன்று தலைமுறையாக மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிறோம். தாராவியில் பேசும் தமிழை நாங்கள் காது கொடுத்துக் கேட்டதில்லை. எனக்கு அவள் தமிழைவிட மராத்தி நெருக்கமாக இருந்தது. சொல் புரியாததால் நேர்ந்த தவறு என்று ஒரு வாரம் ஆறுதல்பட்டுக்கொண்டேன். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. ஓர் ஆணைப் போலி என்று மராத்தியில் சொல்வதானால் 'கோட்டா' என்று வரும், 'கோட்டி' பெண்பால். சாவி பொம்பளை, பியானோ ஆம்பளை என்று எனக்குச் சொல்லித் தந்தவள் அந்தப் பிழையைச் செய்வாளா? அன்றைக்கே இந்தச் சந்தேகம் எனக்குள் ஒரு கணம் எழுந்தது. எழுந்ததை அமுக்கினேன். இவர்களுக்கு எங்கே ஆண்பால் பெண்பால் தெரியப்போகிறது என்று, அவளையே நன்கு தெரிந்திருந்தும், நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம். அந்தச் சொல் காதில் விழுவதற்கு முந்தின நாளே இரண்டு பாட்டை நிரப்பியிருந்தேன். மேடத்துக்குத் தெரியும் என்று முந்தின நாளே பொய் சொல்லியிருந்தேன். அந்தச் சொல் எனக்குச் சாக்குதான். அது கிடைக்காமல் போயிருந்தால் வேறு ஏதாவது கிடைத்திருக்கும்.

அவள் இருந்த பட்டறையைத் தேடிப் போனேன். வேறு சந்துக்கு மாறியிருந்தது. அன்று மாடிப்படியில் கூட நின்று சிரித்த பெண் இப்போது அங்கே சூப்பர்வைசர். அக்கா தேவ்நாரில் ஒரு பள்ளிச் சீருடைப் பட்டறையில் இருப்பதாகச் சொல்லி எண்ணைக் கொடுத்தாள். இன்னும் பாடுகிறாளா என்று கேட்டேன். அந்தப் பெண் மேஜைமேல் இருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஆல்பம் வந்தப்பறம் அக்கா மெஷின்ல பாடுனதே இல்ல சார். நாங்க கேட்டோம். 'எங்கன பாட? அங்கன ஆள் உக்காந்தாச்சு'ன்னுச்சு."

லோக்கல் ரயிலில் துண்டு போட்டு இடம் பிடித்தவனைப் பற்றிச் சொல்வது போல இருந்தது அது.

ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஒன்பது பாட்டிலும் வெற்றிடங்களில் நான் சேர்த்ததை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துப் போட்டுக் காட்டினார். ஒலிவாங்கி அவள் காலையும் பிடித்திருந்தது. அநேகமாக எல்லா வெற்றிடத்திலும் தரையில் ஒரு மெல்லிய அழுத்தம் கேட்டது. கடைசியில் கால் எடுக்கும் சின்ன ஓசை. அந்த அறையில் இரண்டு நாளும் அவள் தைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் உட்கார்ந்து அழுதேன். அதில் ஒரு பங்கு பொறாமைதான் என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த இடங்களில் பியானோ இல்லாமல் அது இன்னும் நன்றாக இருந்தது.

பழையதை இணையத்திலிருந்து நீக்கி, புதியதை ஏற்றச் சொன்னேன். முகப்பிலிருந்து என் பெயரை எடுக்கவும் சொன்னேன். அதைச் சொல்வதற்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்று. பிறகு அவளுக்கு இணைப்பை அனுப்பி, நான் செய்ததையும் சொன்ன பொய்யையும் ஒளிக்காமல் எழுதினேன். தமிழில் எழுதிய பிறகுதான் அவளுக்குத் தமிழ் படிக்க வராதது நினைவு வந்து, குரலில் பேசி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை அவளே அழைத்தாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மனைவியை விசாரித்தாள், மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் என்றேன், வருத்தப்பட்டாள். பாட்டு முழுவதையும் கேட்டதாகச் சொன்னாள். நான் மன்னிப்பு என்று தொடங்கினேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எல்லாம் சரி சார். அந்த மூணாவது பாட்டுல எதுக்கு உங்க வாசிப்ப எடுத்திய?"

எல்லாவற்றிலும் எடுத்துவிட்டேன், அதுதான் நியாயம் என்றேன்.

"அது கரண்டு போன அன்னைக்கிக் கட்டுன பாட்டுல்லா. மெஷினே ஓடல. அங்கன நான் தைக்கவே இல்ல. அந்த எடம் உங்களுக்குன்னுல்லா விட்டிருந்தேன்."

ஒன்பது பாட்டில் ஒரு பாட்டு எனக்கென்று இருந்திருக்கிறது. அதையும் திருடியதோடு சேர்த்து வாசித்தேன். இப்போது திருடியதோடு சேர்த்து எறிந்தும்விட்டேன். அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நீங்க கேக்கவே இல்லியே சார்" என்றாள்.